கூரையைத் தாண்டிய வாசல்

ஆவாரங்காட்டூரில் ஒரு வீட்டின் விலையை அந்த வீட்டுக்குள் வைத்து யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெளியூர்க்காரர்கள் அதைக் கள்ளத்தனம் என்பார்கள், பிழைக்கத் தெரியாதவர்கள் என்பார்கள், இரண்டும் இல்லை. அந்த ஊரின் வீட்டுத் தரகர்கள் எல்லோரும் மாட்டுச்சந்தைத் தரகர்களின் வழியில் வந்தவர்கள். பைபாஸ் ரோடு வந்து, சந்தை அதற்கு அந்தப்பக்கம் ஒதுங்கி, மாடு நின்ற திடலில் மனைக்கல் ஊன்றப்பட்ட காலத்தில் அவர்கள் மாட்டின் கயிற்றை விட்டுவிட்டு வீட்டின் சாவியைப் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் தோளில் கிடந்த துண்டை மட்டும் எடுக்கவில்லை. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் அந்தத் துண்டுக்கு அடியில்தான் சந்திக்க வேண்டும், விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, கணுவை அழுத்தினால் ஒரு கணக்கு, விற்கிறவர் எதிராளியின் கையை அப்படியே மொத்தமாக மூடிப் பிடித்துவிட்டால் ‘இது ஏற்கனவே ஒருத்தருக்கு ஆகிவிட்டது, இனிமேல் பேசாதே’ என்று அர்த்தம். கை மூடியபிறகும் விலை கேட்கிறவனுக்கு அந்தச் சந்தையில் ஒரு டம்ளர் மோர்கூடக் கிடைக்காது.

விலை காதில் விழுந்தால் மாடு ஏங்கிப்போய் மடி வற்றிவிடும் என்பது சந்தைக்காரர்களின் நம்பிக்கை. வீட்டுக்கு மடி கிடையாது, காதும் கிடையாது, இது தரகர்களுக்கும் தெரியும். இருந்தாலும் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கத்தை எதற்காக விட வேண்டும் என்று அப்படியே வைத்திருந்தார்கள். இதனால் ஆவாரங்காட்டூர் வீடுகள் தாங்கள் எவ்வளவு பெறுவோம் என்று தெரியாமலே மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, குடியிருந்தவர்களுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தன.

அப்படி இருந்த ஊரில், அந்தத் துண்டைத் தோளில் போட்ட ஒரே பெண் மயிலாத்தாள். ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு, பேச்சில் யாருக்கும் குறைவில்லை. ஆவாரங்காட்டூரில் பாதிப் பேர் அவள் பார்த்துக் கொடுத்த வீட்டில்தான் பால் காய்ச்சினார்கள், பிள்ளை பெற்றார்கள், பேரன் எடுத்தார்கள். அவள் மட்டும் சந்தைவீதிக் கடைசியில் அர்த்தநாரியின் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தாள். ஒரே அறை, அதையொட்டி அடுப்படியாக ஒரு சாய்ப்பு, முன்னால் இடுப்பளவு மதில். புருசன் போன பிறகு கைக்குழந்தை தாரணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஏறிய வீடு, இப்போது அந்தத் தாரணி பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அவ்வளவு காலமும் அந்த வீட்டில் மயிலாத்தாளுக்கு இருந்த ஒரே குறை வாசல். அர்த்தநாரியின் அப்பன் குள்ளமான மனுசன், தன் அளவுக்கு நிலை வைத்துவிட்டார். மயிலாத்தாள் ஒவ்வொரு தடவையும் குனிந்து போய்க் குனிந்து வந்து, கடைசியில் தெருவில் நடக்கும்போதும் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளியே நடக்கப் பழகிவிட்டாள். ஊருக்கெல்லாம் சாவி வாங்கிக் கொடுத்தவளுக்குத் தன் இடுப்பில் சொருக ஒரு சாவி வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை, அந்த ஆசை மட்டும் மலையளவு இருந்தது.

அர்த்தநாரிக்கு வயதாகிவிட்டது. மகன் ஓசூரில் வீடு கட்டிக்கொண்டு, வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சித்திரை பிறந்ததும் அவர் மயிலாத்தாளைக் கூப்பிட்டனுப்பி, தன் வீட்டுக் கிணற்றடியில் வேப்பமரத்து நிழலில் வைத்து, துண்டுக்கடியில் கையை நீட்டினார். இருவரும் நெடுநேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காக்காயைப் பார்த்துக்கொண்டு விரல் பேசினார்கள், கடைசியில் துண்டை உதறி எடுத்தபோது இருவர் முகத்திலும் நிறைவு இருந்தது. அட்வான்ஸ் கை மாறிற்று, வைகாசி வளர்பிறையில் கிரயம் என்று பேச்சு முடிந்தது.

“துண்டுக்குள்ள சொன்னா சொன்னதுதான் அம்மிணி. எங்கப்பனும் மாத்துனதில்ல, நானும் மாத்துனதில்ல,” என்றார் அர்த்தநாரி.

“தெரியாமயா உங்ககிட்டக் கை நீட்டுனேன்? வர்றனுங்கண்ணா,” என்று எழுந்து வந்தாள் மயிலாத்தாள்.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது, அதையும் அவளேதான் செய்தாள். வீட்டுக்கு வந்து, குனிந்து நுழைந்து, கதவைச் சாத்தியபோது தாரணி கம்பெனிக்குப் போயிருந்தாள், சந்தோசத்தைச் சொல்ல ஆள் இல்லை. சொல்லாமல் வைத்துக்கொள்கிற அளவுக்கு அது சின்னச் சந்தோசமும் இல்லை. தரகராக இருந்த தன் அப்பனிடமிருந்து வாங்கிய துண்டு தோளில் இருக்க, ஆயிரம் வீட்டு விலையை வாய்க்குள் பூட்டி வைத்திருந்தவள், அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்று, சுவரை உள்ளங்கையால் தட்டி, “இனிமே நீ என்ற ஊடு, தெரிஞ்சுக்க! எவ்வளவுக்குன்னு தெரியுமா?” என்று கேட்டு, தொகையையும் சொல்லிவிட்டாள். அந்தத் தொகை இன்னதென்று இங்கே சொல்லப்போவதில்லை. நீங்கள் எந்த வீட்டில் உட்கார்ந்து படிக்கிறீர்களோ, எதற்கு வம்பு.

மறுநாள் விடிந்தபோது அடுப்படிக்குப் பின்னால் இன்னொரு அறை இருந்தது. சுண்ணாம்பு ஈரம் காயாத, ஒரு சன்னலும் ஒரு பரணும் உள்ள நல்ல அறை. தாரணி பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, “மழைக்காலத்துல துணி காயப்போட எடமாச்சு,” என்றாள். மயிலாத்தாள் அந்த அறையைக் கூட்டிப் பெருக்கினாள், கூட்டும்போதே தான் செய்த காரியம் என்னவென்று அவளுக்கு விளங்கிவிட்டது. தன் விலையைக் கேட்டுவிட்ட வீடு அதையே நினைத்துக்கொண்டிருந்தது. வாரம் முடிவதற்குள் ஒரு கூடம் வந்தது, கூடத்திலிருந்து ஒரு மாடிப்படி கிளம்பியது, படி போய்ச் சேர ஒரு மாடியும் வந்தது, மாடிக்கு முன்னால் கம்பி வைத்த பால்கனி எட்டிப் பார்த்தது, கூரையே இதற்கெல்லாம் ஏற்றபடி எழும்பிக்கொண்டது. வாசலும் உயர்ந்தது. இத்தனைக்கும் நடுவில் மயிலாத்தாள் வாய்விட்டுச் சிரித்தது அந்த வாசலைப் பார்த்துத்தான், ஏனென்றால் யானை நுழைகிற அளவுக்கு உயர்ந்த வாசலிலும் அவள் பழக்கதோசத்தில் குனிந்தேதான் போனாள்.

விலையைக் கேட்டு வீடு வளர்ந்த செய்தி பேக்கரிக்குப் போனது என்றால் ஊருக்குப் போனது என்று அர்த்தம். ரங்கராசு பேக்கரியில் டீ குடித்தவர்கள் எல்லோரும் கிளம்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மயிலாத்தாள் வீட்டு மாடி ஏறி இறங்கி, தட்டிப் பார்த்து, தரமான கட்டடம்தான் என்று சொல்லிவிட்டு, நேராக அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் வீட்டிடம் விலை சொன்னார்கள். கூச்சப்பட்டவர்கள் மெதுவாகச் சொன்னார்கள், அவர்களுக்கு ஒரு திண்டோ ஒரு மாடக்குழியோ கிடைத்தது. வெட்கம் கெட்டவர்கள் மைக் செட் கட்டிச் சொன்னார்கள், அவர்களுக்கு மாடிக்கு மேல் மாடி எழும்பியது. ரங்கராசு தன் வீட்டுக்குச் சொன்ன விலையில் சேலத்தில் ஒரு தெருவையே வாங்கலாம், அவருடைய வீடு அதை நம்பி வளர்ந்ததில் அவர் சம்சாரம் ஒரு மத்தியானம் முழுக்க மூன்றாவது மாடியில் வழி தெரியாமல் நின்று, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கீழே இறங்கினாள்.

ஊர் இதற்கு எப்படிப் பழகியது என்று கேட்டால், மின்சாரத்துக்கும் செல்போனுக்கும் எப்படிப் பழகியதோ அப்படித்தான். பேரூராட்சி வரிக்காரர் காலையில் டேப் பிடித்து அளந்ததை மாலையில் வந்து மறுபடியும் அளந்தார், பிறகு அளப்பதை விட்டுவிட்டு வீட்டுக்காரரின் முகத்தில் தெரிகிற பெருமையைப் பார்த்து வரி போட்டார், அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. வீடுகள் வீங்கி வீங்கித் தெருக்கள் ஒடுங்கின, எதிர்வீட்டு பால்கனியும் இந்த வீட்டு பால்கனியும் மூக்கோடு மூக்கு உரசின, காரில் போனவர்கள் ஸ்கூட்டருக்கும் ஸ்கூட்டரில் போனவர்கள் நடைக்கும் மாறினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ் பிடித்து வேடிக்கை பார்க்க வந்தார்கள், ஆவாரங்காட்டூர்க்காரர்கள் அவர்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள். வீடுகளும் லேசுப்பட்டவையாக இல்லை. விலை கேட்ட சுவர் காலண்டர் ஆணியை ஏற்கவில்லை, பால்கனிகள் கொடிக்கயிற்றைக் கீழே தள்ளின, சில வீட்டுக் கதவுகள் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தவர்களுக்குத் திறக்க மறுத்தன. அத்தனை அறையும் காலியாகக் கிடக்க, பனியன் கம்பெனிக்கு வந்த புதுத் தம்பதிகளுக்கு ஊரில் வாடகைக்கு ஒரு மூலைகூட அகப்படவில்லை. யாரும் விற்கவும் இல்லை, நாளைக்கு இன்னும் பெரிதாகும் வீட்டை இன்றைக்கு விற்கப் பைத்தியமா பிடித்திருக்கிறது?

இதற்கு மாற்று என்னவென்று கண்டுபிடித்ததும் ஒரு சந்தைக்காரப் புத்திதான். ரங்கராசு வீட்டுக்கு விருந்துக்கு வந்த ஒறம்பரைச் சொந்தக்காரர் ஒருத்தர், ஆக்கிப் போட்டதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, “எல்லா இருக்குது மாப்ள, காத்துத்தா வரமாட்டீங்குது,” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, மூன்றாவது மாடி, திட்டு வாங்கிய பிள்ளை காலை மடக்கிக்கொள்கிற மாதிரி, இரண்டாவது மாடிக்குள் ஒடுங்கிக்கொண்டது. மாடு வாங்குகிறவன் சுழி சரியில்லை, குளம்பு சரியில்லை என்று குறை சொல்லி விலையை இறக்குவது சந்தைக்குப் புதிதா என்ன? அன்றிலிருந்து வீடு வாங்க நினைத்தவர்கள் குறை சொல்ல ஆள் கூட்டிக்கொண்டு வந்தார்கள், விற்க நினைத்தவர்கள் புகழ்ந்து பேச ஆள் வைத்துக்கொண்டார்கள். ஒரே வீடு ஒரே நாளில் ஐந்து தடவை விரிந்து ஐந்து தடவை சுருங்க, உள்ளே இருந்த கிழவனார் ஒருவர் எந்த அறையில் தூங்கினோம் என்பதை மறந்துபோனார்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது வைகாசி வந்துவிட்டது. அர்த்தநாரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, தன் அப்பன் கட்டிய ஒற்றை அறை வீடு மாடியும் பால்கனியுமாக நிற்பதை வாசலில் நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“மயிலா, நான் பேச்சு மாறுற ஆள் இல்ல. ஆனா நான் துண்டுக்குள்ள வெல சொன்னது ஒத்தை அறைக்கும் சாய்ப்புக்கும். இது அந்த ஊடா? நீயே சொல்லு. கன்னு போடாத கெடேரிக்கு வெல பேசிப்போட்டு, கன்னோட நிக்கற மாட்டைப் புடிச்சுட்டுப் போறேன்னா ஞாயமா?”

மயிலாத்தாளால் அவர் சொன்னதை மறுக்க முடியவில்லை, ஏனென்றால் அவர் கேட்டதில் ஞாயம் இருந்தது. அவளே தரகராக நடுவில் நின்றிருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

“இந்த ஊட்டுக்கு உண்டான வெல என்ற கிட்ட ஏதுங்கண்ணா? ஏழு சென்மம் துண்டு போட்டாலும் ஆகாது.”

“எனக்கும் உன்னைய வெரட்டோணும்னு ஆசை இல்ல. ஒரு வழி இருக்குது. ஊரே பண்றதுதான். நீ வாசல்ல நின்னு நாலு கொறை சொல்லு. பழையபடி ஒத்தை அறைக்கு எறங்குனதும், பழைய வெலைக்கே நான் எழுதிக் குடுத்தர்றேன். வர்ற வெள்ளிக்கெழமை முகூர்த்தம். அதுக்குள்ள முடியலீன்னா துண்டை அவுத்துப்போட்டு அட்வான்ஸை வாங்கிக்க, என்ற மகன் சொன்ன வெலைக்கு வேற ஆள் வந்துட்டிருக்குது.”

இதைவிட நல்லபடியாக ஒரு வீட்டுக்காரர் பேச முடியாது என்று ஊர் சொன்னது. தாரணிக்கு அம்மா ஏன் யோசிக்கிறாள் என்றே புரியவில்லை.

“ஏம்மா, உனக்கா கொறை சொல்லத் தெரியாது? கல்யாண ஊட்டுல ரசத்துக்கே மூணு கொறை சொல்லுவ. நாலு வார்த்த வஞ்சு போட்டா நம்ம ஊடு நமக்கு ஆயிருதல்ல?”

“அதான் கண்ணு. நம்ம ஊடுங்கற, வைய்யுங்கற.”

“அது செங்கல்லும் சுண்ணாம்பும்மா.”

“போன மாசம் வரைக்கும் அப்படித்தா இருந்துச்சு,” என்றாள் மயிலாத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சந்தைவீதியில் நிற்க இடமில்லை. ரங்கராசு பேக்கரியைச் சாத்திவிட்டு வந்திருந்தார், வரிக்காரர் டேப்போடு வந்திருந்தார், அர்த்தநாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மயிலாத்தாள் தலைக்குக் குளித்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அந்த வீட்டின் குறைகள் அவளைவிட யாருக்குத் தெரியும்? வடக்குச் சுவரில் ஐப்பசி முழுக்க ஈரம் ஏறும், சாய்ப்பின் மூலை ஓடு எத்தனை மாற்றினாலும் ஒழுகும், தரை மேற்கே சாய்ந்திருப்பதால் உருளைக்கிழங்கு கீழே விழுந்தால் ஓடிப்போய் அம்மிக்கல்லில்தான் நிற்கும். ஆனால் வடக்குச் சுவரில் ஈரம் ஏறிய இடத்தில்தான் தாரணி காய்ச்சலில் நெற்றியை வைத்துக்கொண்டு தூங்கினாள், ஒழுகிய மூலையில் வைத்த அண்டாவின் டக்டக் சத்தத்தில்தான் அவள் எண்ணக் கற்றுக்கொண்டாள். இதெல்லாம் ஞாபகத்துக்கு வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மயிலாத்தாள் வாயைத் திறந்தாள்.

“மழை பேஞ்சா ஒழுகும்,” என்றாள்.

பின்னால் ஒரு அறை மூடிக்கொண்டது. சத்தம் இல்லாமல், சண்டை இல்லாமல், ‘நீயா சொல்கிறாய்’ என்று கேட்கிற மாதிரி மூடிக்கொண்டது. கூட்டம் கை தட்டியது. வரிக்காரர் டேப்பைச் சுருட்டி ஒரு அறை அளவு குறைத்துக்கொண்டார். மயிலாத்தாள் கை தட்டியவர்களைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு வீட்டைப் பார்த்தாள்.

“என்னால ஆகாதுங்கண்ணா,” என்றாள் அர்த்தநாரியிடம். “ஊரான் மாட்டுக்குக் கொறை சொன்னா அது தொழில். எங்களக் காப்பாத்துன ஊட்டை நாலு பேரு முன்னால வஞ்சு, கூனிக் குறுக வச்சு, அதுக்குள்ள போயி நான் சோறாக்கித் தின்னா எனக்குச் செரிக்குமா? வாசல் எத்தன ஒசரமா இருந்தாலும் நான் குனிஞ்சுதானே போகோணும்? என்ற மானத்தையும் அதும்பட மானத்தையும் வித்து வாங்கற சாவி எனக்கு வேண்டாம். துண்டை அவுத்துரலாம்.”

பேசிய பேரத்தை முறிப்பதற்கும் அந்த ஊரில் முறை உண்டு, துண்டுக்கடியில் சேர்ந்த கைகள் துண்டுக்கடியிலேயே மறுபடி சேர்ந்து, விரல் விரலாக விட வேண்டும். அர்த்தநாரி நாற்காலியிலிருந்து எழுந்து, வருத்தத்தோடுதான், கையை நீட்டினார். தாரணி அழுதுகொண்டே அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“ஒரு நிமிசம் இருங்கண்ணா,” என்றாள் மயிலாத்தாள். “சந்தையில மாடு வாங்குறதுக்கு முன்னால கவுத்தப் புடிச்சு நாலு எட்டு நடத்திப் பாப்பம். நம்ம கூட வருதா, கால ஊணிக்குதான்னு மாட்டைக் கேப்பம். நாம ரெண்டு பேரும் பேசுனம், முறிச்சுக்கப் போறம். நடுவுல இதைய ஒரு வார்த்த யாரும் கேக்குல.”

துண்டை எடுத்து உதறினாள். நிலைக்காலின் மேல் அதை விரித்துப் போட்டாள், அதற்கு அடியில் தன் வலது கையை விட்டு, மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சந்தையில் நிற்கிற மாதிரியே எங்கோ காக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை, விரல் பேசும்போது சிரிப்பது ஆவாரங்காட்டூரில் மரியாதை இல்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துண்டு லேசாக அசைந்தது. மயிலாத்தாளின் முகம் மாறியதை முதலில் பார்த்தவர் அர்த்தநாரிதான், ஏனென்றால் அந்த முகம் அவருக்குத் தெரியும், சந்தையில் ஆயிரம் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறார்.

“என்ன வெரலு?” என்று கேட்டார்.

“வெரலே இல்லீங்கண்ணா,” என்றாள் மயிலாத்தாள். “கைய மூடிருச்சு.”

கையை எடுத்துக் காட்டச் சொன்னார்கள். வரவில்லை. மரம் அவள் கையை வலிக்காமல், விடாமல், மொத்தமாக மூடிப் பிடித்திருந்தது. தாரணி இழுத்துப் பார்த்தாள், ரங்கராசு இழுத்துப் பார்த்தார், பிறகு இது இழுத்து எடுக்கிற கை இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், அவரவர் ஆகவேண்டிய வேலையைப் பார்த்தார்கள். வெயில் ஏறிற்று, ஒருத்தர் குடை பிடித்தார், ரங்கராசு கடையைத் திறந்து டீயும் தேங்காய் பன்னும் கொண்டுவந்தார், மயிலாத்தாள் இடது கையால் டீயைக் குடித்தாள், தாரணி பன்னைப் பிய்த்து ஊட்டினாள். முகூர்த்த நேரம் வந்து, நின்று, போய்க்கொண்டிருந்தது. ஓசூர் மகன் அனுப்பிய ஆள் காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்து, என்ன நடக்கிறது என்று கேட்டார், விவரம் சொன்னவர்கள் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

அர்த்தநாரி வீட்டைச் சுற்றி வந்தார். அவர் கெட்டவர் இல்லை என்று ஊரே சொல்லியாகிவிட்டது, ஆனால் லேசில் ஏமாறுகிறவரும் இல்லை. வாசலுக்கு நேராக வந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வந்த ஆள் சொன்ன விலையை ஊர் கேட்க உரக்கச் சொன்னார். பெரிய விலை. அதைக் கேட்டதும் எதிர்வீடு தனக்குத்தான் சொன்னார்கள் என்று நினைத்து ஒரு அறை வளர்ந்தது, பக்கத்து வீட்டு பால்கனி ஒரு முழம் நீண்டது. இந்த வீடு அசையவில்லை. அர்த்தநாரி விலையை இரட்டித்துச் சொன்னார். எதிர்வீட்டு மாடி மேகத்தைத் தொடுகிற மாதிரி எழும்ப, அதிலிருந்த பெண்கள் கூச்சல் போட்டார்கள். இந்த வீட்டில் ஒரு ஓடுகூட எழும்பவில்லை, சுவரில் ஒரு சுண்ணாம்புப் பொருக்குகூட உதிரவில்லை. சொன்ன விலை காதில் விழாத மாதிரி, தன்னிடம் சொல்லப்படாத மாதிரி, கையை மூடியது மூடியபடி நின்றது.

அர்த்தநாரி பக்கத்தில் போய், தன் அப்பன் பூசிய சுவரின் மேல் கையை வைத்தார். அங்கேயே நின்றார். அவர் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் முதுகு நேராக இருந்தது.

“பாத்தீங்களா எங்கப்பன் கட்டுன ஊட்டை?” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “ஊருல இருக்கற ஊடெல்லாம் வெலையக் கேட்டு வீங்குது. எங்கூடு இவளுக்கு ஆயாச்சுன்னு கை மூடிருச்சுங்க! கை மூடுனதுக்கப்பறம் வெல கேட்டவன் நானு, என்னைய மன்னிச்சுப்போடணும்.” பிறகு மயிலாத்தாளிடம் திரும்பி, “குடுத்தாச்சு அம்மிணி. பழைய வெலைக்கே குடுத்தாச்சு,” என்றார்.

துண்டு தளர்ந்தது, கை வெளியே வந்தது. அதில் ஒரு கீறல் இல்லை. அர்த்தநாரியின் வார்த்தைக்கு மரியாதை செய்வது போல, வீடு தன் பங்குக்குத் தானே இறங்கத் தொடங்கியது. யாரும் குறை சொல்லவில்லை, யாரும் வையவில்லை. பால்கனி கம்பிகளை மடக்கிக்கொண்டது, மாடி படியைச் சுருட்டிக்கொண்டு இறங்கியது, கூடம் அடங்கியது, கூரை தாழ்ந்து வந்து பழைய சுவரின் மேல் உட்கார்ந்தது, கடைசியில் ஒற்றை அறையும் சாய்ப்புமாக, துண்டுக்குள் பேசியது எதுவோ அதுவாக நின்றது. கணக்கில் அர்த்தநாரிக்கும் நட்டமில்லை, மயிலாத்தாளுக்கும் கடனில்லை. வாசல் மட்டும் இறங்கவில்லை. தாழ்ந்த கூரையைத் தாண்டி, ஓடுகளுக்கு மேலே ஆள் உயரத்துக்கு, அந்த நிலை அப்படியே வானத்தில் நின்றது.

பத்திர ஆபீஸில் வீட்டைவிட வாசல் எப்படி உயரமாக இருக்கும் என்று கேட்டார்கள், வரிக்காரர் சாட்சிக்குப் போய், நான் அளந்தேன், இருக்கிறது என்று சொன்னார். அந்த வாசலைப் பார்த்தபிறகு ஊரும் கொஞ்சம் அடங்கியது. குறை சொல்லவும் புகழவும் ஆள் கூட்டி வந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பினார்கள். விற்க நினைத்தவர்கள் மயிலாத்தாளைக் கூப்பிட்டு, முதலில் வீட்டைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்கள், அவள் நிலைக்கால் நிலைக்காலாகத் துண்டைப் போட்டுக் கேட்டாள். சில வீடுகள் விரல் கொடுத்தன, சில கையை மூடின. ரங்கராசு வீடு மட்டும் நறுக்கென்று கிள்ளியது, அது அவருக்குத் தேவைதான். கேட்ட விலையில் பாதியை மறந்த வீடுகள் அறைகளைப் பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டன.

மயிலாத்தாள் பால் காய்ச்சினாள். இத்தனை வருசம் குடியிருந்த வீட்டுக்கு எதற்குப் பால் காய்ச்சுவது என்று யாரும் கேட்கவில்லை. அர்த்தநாரி ஓசூர் போவதை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு முன்வரிசையில் நின்றார், ஊர் அவருக்குப் பின்னால் நின்றது. புது மஞ்சள் பூசிய வாசலில், கையில் பால் சொம்போடு, இடுப்பில் சாவியோடு, மயிலாத்தாள் வலது காலை எடுத்து வைத்தாள், எடுத்து வைக்கும்போதே கழுத்து தன்னால் குனிந்தது.

“நிமிந்து போம்மா,” என்றாள் பின்னால் வந்த தாரணி.

மயிலாத்தாள் நின்றாள். மெதுவாகக் கழுத்தை நிமிர்த்தினாள், முதுகை நிமிர்த்தினாள், தான் எவ்வளவு உயரம் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தலையில் எதுவும் இடிக்கவில்லை. மேலே, நிலைக்கும் ஓட்டுக்கும் நடுவில், காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவள் அந்த வெயிலோடு தன் வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.